வருத்தமும் மன்னிப்பும்



அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தை இரயிலில் கடந்திருப்பீர்கள். 1956 நவம்பர் 23 அதிகாலை, வெள்ளத்தில் அப்பாலம் உடைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். வெள்ளம் செய்த அழிவுக்கே ஒருவர் பொறுப்பேற்றார் என்றால், அரசின் படைவீரர்களே குற்றமற்ற மக்களைச் சுட்டுக் கொல்லும்போது அரசு என்ன செய்ய வேண்டும்? இதற்கு வரலாறு இரு விடைகளைக் காட்டுகிறது.

ஒன்று நம் நாட்டில் நிகழ்ந்தது. 1919 ஏப்ரல் 13 அன்று, அமிர்தசரஸ் ஜாலியன் வாலாபாகில் கூடியிருந்த மக்களை, எச்சரிக்கை ஏதுமின்றிச் சுடுமாறு ஜெனரல் டயர் ஆணையிட்டார். சுமார் பத்து நிமிடங்களில் 1,650 குண்டுகள் பாய்ந்தன. மாண்டோர் 379 பேர் என்றது அரசுக் கணக்கு. உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்பர். டயர் பதவி இழந்தார். ஆயினும் தண்டனை பெறவில்லை. நூறாண்டுகள் கழித்து, 2019-இல், பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

மற்றொன்று வட அயர்லாந்தின் டெரி நகரில் நிகழ்ந்தது. விசாரணையின்றிச் சிறையிலிடுவதை எதிர்த்து, 1972 ஜனவரி 30 ஞாயிறன்று மக்கள் ஊர்வலம் சென்றனர். பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தனர். காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். எட்வர்ட் டேலி என்ற குருவானவர் இரத்தக்கறை படிந்த வெள்ளைக் கைக்குட்டையை அசைத்தபடி முன்னே செல்ல, குண்டடிபட்ட இளைஞன் ஒருவனைப் பின்னே தூக்கி வந்த காட்சி உலகையே உலுக்கியது. முதல் விசாரணையோ, மாண்டோரில் சிலர் மீதே சந்தேக நிழலைப் படியவிட்டது. பிள்ளையை இழந்த வீட்டார்மேல் பழியும் சேர்ந்தது! அவர்கள் சோர்ந்துவிடவில்லை. மீண்டும் விசாரணை கோரிப் போராடினர். 1998-இல் அமைக்கப்பட்ட சாவில் விசாரணைக் குழு, சுடப்பட்டோர் எவராலும் படையினருக்கு ஆபத்து இருக்கவில்லை எனக் கண்டது. 2010 ஜூன் 15 அன்று பிரதமர் டேவிட் கேமரூன், அச்செயலை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டு, அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். டெரி நகரச் சதுக்கத்தில் திரண்டிருந்த மக்கள் அதைத் திரையில் கண்டு ஆரவாரித்தனர். முப்பத்தெட்டு ஆண்டுப் பழி அன்று நீங்கியது.

அதே கேமரூன் 2013-இல் ஜாலியன் வாலாபாகிற்கு வந்தார். வெட்கத்திற்குரிய செயல் என்று எழுதினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

மாணவிகளே, வேறுபாடு புரிகிறதா? "இப்படி நடந்துவிட்டதே" என்பது வருத்தம். "நாங்கள் செய்தது தவறு, மாண்டவர்கள் குற்றமற்றவர்கள்" என்பதே மன்னிப்பு. முன்னதைப் பார்த்து நிற்பவரும் சொல்லலாம். பின்னதைப் பொறுப்பேற்பவரே சொல்ல முடியும். மன்னிப்பு மாண்டோரை மீட்டுத் தராது. நீதிமன்றத்தின் வேலையையும் அது செய்துவிடாது. ஆயினும், இறந்தவரின் நற்பெயரை வீட்டாருக்குத் திருப்பித் தருகிறது.

நாளை தோழியின் மனத்தைப் புண்படுத்திவிட்டால், இவ்விரண்டில் எதைச் சொல்வீர்கள்?