இளவட்டக் கோம்பை நாயும் வீட்டுக் குழந்தையும்



உங்கள் வீட்டுக் கோம்பை நாய்க்கு 8 மாதம் ஆகிவிட்டதா? உடம்பு பெரிய நாய், புத்தி இன்னும் குட்டி. ஒன்றரை வயது வரை இப்படித்தான். கூப்பிட்டால் வராது, தாவும், கவ்வும். உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பையின் பேரைத் தாங்கிய இந்த இனம் காவலுக்கும் வேட்டைக்கும் பேர் போனது. அந்த வேகம் எங்கே போகும்? திமிர் என்று அடிக்காதீர்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போட்டாலும் முரட்டுத்தனம் கூடுமே தவிரக் குறையாது.

காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். தாவினால் முகம் கொடுக்காமல் திரும்பி நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்டதும் ஒரு வாய்ச் சோறு. கணவனுக்கு ஒரு சட்டம், மனைவிக்கு ஒரு சட்டம் ஆகாது. ஐயா ‘கூடாது’ என்றதை அம்மா அடுப்படியில் கொஞ்சிக் கொடுத்தால் நாய் எதைக் கற்கும்? பாட்டியிடமும் சொல்லி வையுங்கள். ரகசியமாக ஊட்டுவது பெரும்பாலும் அவங்கதான்!

நடை பழகும் பிள்ளையை நாயோடு தனியே விடாதீர்கள். அது தின்னும்போது கிட்டவே விடக்கூடாது.

நாய்க்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். அப்படியிருந்தும் பல் பட்டுக் கீறிவிட்டால், ‘நம்ம வீட்டு நாய்தானே’ என்று இருந்துவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க. ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்டதெல்லாம் அந்தக் காலம், இப்போது கையில்தான். முதல் நாள் போட்டபின் 3, 7, 28ஆம் நாட்களிலும் பிள்ளையைக் கூட்டி வாருங்கள்.