இலை இனிப்பும் டப்பா இனிப்பும்



பண்டிகைக் காலத்தில் வீட்டாரின் பற்களைக் காப்பது பற்றி நீங்கள் எழுதிய கையேட்டை முழுக்கப் படித்தேன். சொத்தை எப்படி விழுகிறது, பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் நம் இருவருக்கும் பழகிய பாடம். அதற்குள் நான் போகவில்லை. ஆலங்குச்சி, வேலங்குச்சிப் பழமொழியோடு ஆரம்பித்ததைக்கூட விட்டுவிடுகிறேன், தமிழில் பல்லைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். என்னை உறுத்துவது ஒரு வாக்கியம். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லட்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். லட்டை எண்ணச் சொன்ன நீங்கள், அது எத்தனை தடவையாக வாய்க்குள் போகிறது என்று எண்ணச் சொல்லவில்லை. இரண்டையும் மதியச் சாப்பாட்டோடு தின்று முடித்த பிள்ளையும், அதே இரண்டைக் காலையிலிருந்து ராத்திரி வரை கிள்ளிக் கிள்ளித் தின்ற பிள்ளையும் உங்கள் கணக்கில் ஒன்றுதான். பல்லின் கணக்கு வேறு.

1940களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார். பல்லில் படியும் படலத்தின் அமிலத்தன்மையை, சர்க்கரைக் கரைசல் படுவதற்கு முன்னும் பின்னும் அளந்தார். சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் பிஎச் 5.5க்கும் கீழே இறங்கியது, அதாவது அமிலம் ஏறியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. கரைந்ததை உமிழ்நீர் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும், ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். ஒரே உட்காரலில் மூன்று அதிரசம் தின்றாலும் அது ஏறத்தாழ ஒரே ஒரு அமில வேளை. அதே மூன்றை ஆறு தடவையாகப் பிட்டுத் தின்றால் ஆறு வேளை. உமிழ்நீர் ஒருமுறைகூட வேலையை முடிக்க முடியாது. பாட்டிமார் சொல்கிற அந்த "ஒண்ணே ஒண்ணுதானே" என்ற வார்த்தைக்குப் பல் மருத்துவத்தில் இதுதான் அர்த்தம்: ஒவ்வொரு ஒண்ணும் புதிதாக ஒரு அரை மணி.

இது சோதனைச்சாலைக்குள் நின்றுவிட்ட முடிவல்ல. 1945 முதல் ஸ்வீடனின் லுண்ட் நகருக்கு அருகே விபெஹோல்ம் என்ற, அறிவுவளர்ச்சி குன்றியவர்களுக்கான விடுதியில் நடந்த ஆய்வை நீங்கள் கல்லூரியில் ஒரு வரியில் படித்துக் கடந்திருப்பீர்கள். சம்மதம் சொல்லவோ மறுக்கவோ வழியில்லாத மனிதர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டும் டாஃபிகளைக் கொடுத்து, சொத்தை விழுகிறதா என்று பார்த்தார்கள். அது அநியாயம். எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் அப்படி ஒன்று நடக்கக் கூடாது. ஆனாலும் அந்த மனிதர்கள் தங்கள் பற்களைக் கொடுத்து நமக்கு விட்டுச்சென்ற பதிலைப் படிக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய அவமரியாதை என்று நினைக்கிறேன். சாப்பாட்டோடு சேர்த்து நிறையச் சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. சாப்பாட்டுக்கு இடையில் டாஃபி தின்றவர்களுக்கு, அதிலும் ஒரு நாளைக்கு 24 டாஃபி வரை கிடைத்தவர்களுக்கு, மளமளவென்று கூடியது. டாஃபியை நிறுத்தியதும் புதிதாகச் சொத்தை விழுவது குறைந்தது. அதற்குப் பிறகு ஸ்வீடனில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் வேரூன்றியது. அந்த ஒரு நாளில் வேண்டிய அளவு தின்னலாம். மற்ற ஆறு நாளும் பல்லுக்கு ஓய்வு.

நம் விருந்தில் இந்த ஒழுங்கு முன்பே இருந்தது என்பதை உங்கள் கையேடு கவனிக்கவே இல்லை. இனிப்பை இலையில் வைத்தோம், பாயசம் ஊற்றினோம், அதன்மேல் மோர்ச்சாதம் வந்தது, எழுந்து போய் வாய் கொப்பளித்தோம். கெடுத்தது டப்பா. அதிலும் இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பண்டிகை ஒரு நாளில் முடிவதில்லை. வங்காளிகளின் துர்கா பூஜையில் ஆரம்பித்து, தீபாவளி வந்து, நிக்கோபாரிகளும் ராஞ்சிக்காரர்களும் மலையாளிகளும் நம்மவர்களும் கொண்டாடுகிற கிறிஸ்துமஸ் வந்து, புது வருஷம் தாண்டி, பொங்கலில்தான் அடங்குகிறது. எல்லாச் சமூகத்தாரும் அடுத்தடுத்த வீட்டில் இருப்பதால் எல்லா வீட்டுப் பலகாரமும் எல்லா வீட்டுக்கும் போகிறது. அது இந்த ஊரின் அழகு, அதில் ஒரு துளியும் குறைய வேண்டாம். ஆனால் அபர்டீன் பஜாரில் வாங்கிய ஸ்வீட் பெட்டியும், பக்கத்து வீட்டுச் சந்தேஷும், கேக்கும் மேஜைமேல் மூன்று மாதத்துக்கு மூடாமல் கிடக்கின்றன. வருகிறவர் போகிறவர் எல்லோரும் ஒன்றைக் கையில் எடுக்கிறார்கள். "இரண்டு லட்டு" என்ற உங்கள் விதி சென்னை வேளச்சேரியில் எழுதியிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். போர்ட் பிளேரில் உட்கார்ந்து எழுதிய அடையாளம் அதில் இல்லை.

அளவை விட்டு வேளையை எண்ணச் சொல்வதற்கு எழக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, அளவும் முக்கியம்தானே என்பது. முக்கியம்தான். சேர்க்கப்படும் சர்க்கரை உணவு தரும் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபோது, பற்சொத்தையையும் ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது. ஆனால் எந்த வீட்டில் பண்டிகை அன்றைக்குக் கிராம் கணக்குப் பார்ப்பார்கள்? வேளையைக் குறைத்தால் அளவு தானாகக் குறையும். அளவைக் குறைத்தவர்கள் வேளையைக் குறைப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இரண்டாவது, விருந்தாளி கொண்டுவந்ததை மறுத்தால் மனம் கோணும் என்பது. மறுக்கச் சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், ராத்திரிச் சாப்பாட்டோடு பரிமாறுங்கள். மூன்றாவது, பனைவெல்லமும் தேனும் இயற்கைதானே என்பது. படலத்தில் இருக்கும் கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது. நான்காவது, காரம் தின்றால் பரவாயில்லை என்று நீங்களே எழுதியிருப்பது. முறுக்கையும் சிப்ஸையும் கடித்த பிறகு கடைவாய்ப்பல்லின் பள்ளத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். அங்கே மாவு அப்பிக்கொண்டிருக்கும். உமிழ்நீரே அந்த மாவைச் சர்க்கரையாக உடைத்துக் கிருமிக்குக் கொடுக்கும். பல்லில் எது நெடுநேரம் தங்குகிறது என்று அளந்து பார்த்தபோது, பிசுபிசுப்பான கேரமல் சீக்கிரம் கரைந்துபோனது, பிஸ்கட்டும் சிப்ஸும்தான் தங்கின. இடைவேளைப் பசிக்கு இந்தத் தீவிலேயே விளைகிற தேங்காயில் ஒரு சில்லு கீறிக் கொடுக்கலாம், வேர்க்கடலை கொடுக்கலாம். அதை நீங்கள் எழுதியிருக்க வேண்டாமா?

இன்னொரு குறை, ஃப்ளோரைடைப் பற்றி நீங்கள் வாயே திறக்காதது. காரணம் புரிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை ஏறியதை எல்லோரும் அறிவோம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தண்ணீர் கொடுத்தது. அந்தப் பயத்தை மெயின்லேண்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து, ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்டைத் தேடி வாங்குகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். போர்ட் பிளேர் குடிப்பது பெரும்பாலும் தனிக்காரி அணையில் தேங்குகிற மழைநீர். மழைநீரில் ஃப்ளோரைடு பேருக்குக்கூடத் தேறாது. ஆகவே இங்கே பேஸ்ட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும். நம் நாட்டு விதி 1000 பிபிஎம் வரை அனுமதிக்கிறது. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவுப் பேஸ்ட்டும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும். தேய்த்து முடித்ததும் துப்பலாம், தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்து மருந்தைக் கழுவிவிட வேண்டியதில்லை.

குறை சொல்லி முடிந்தது. ஆறாம் வயதுப் பல்லைப் பற்றிய உங்கள் பத்தி அபாரம். எந்தப் பல்லும் விழாமல், பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற அந்த முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லைப் பெற்றோர் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள் என்றும், கன்னத்தை விரலால் விலக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தமிழில் பல்லைப் பற்றி இவ்வளவு தெளிவாக, இவ்வளவு அக்கறையோடு எழுதிய வேறு பத்தியை நான் படித்ததில்லை. உறவுக்காரர் நிறைந்த வீட்டில் பிள்ளைகள் ஹாலிலேயே பல் தேய்க்காமல் தூங்கிப்போவதைப் பற்றிய வரிகளும் அதே தரம். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுவதால் அந்த ஒரு ராத்திரி பகலின் பல வேளைகளுக்குச் சமம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் புரிந்த கை, லட்டு எண்ணும் வாக்கியத்தை எப்படி எழுதியது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

தீவுகளின் தென்கோடியில் இருக்கும் கேம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் கடல். வேர் சிகிச்சைக்கு மூன்று முறை வரச் சொன்னால், விடுமுறை நெரிசலில் மூன்று முறை கப்பல் டிக்கெட் எடுக்க யாரால் முடியும்? அப்படிப்பட்ட தூரத்து வீட்டுக்குப் போகப்போகிற கையேடு இது. அடுத்த பதிப்பில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, இனிப்பைச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள், சாப்பிட்டதும் டப்பாவை மூடி உள்ளே வையுங்கள் என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். தமிழோடு இந்தியிலும் வங்காளியிலும் நிக்கோபாரியிலும் அச்சடித்து, துர்கா பூஜைக்கு முன்பே தீவுகளுக்கு அனுப்பிவிடுங்கள்.