முதலில் சுருதி, பிறகு வண்ணம்



எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் பஜனைக் குழுவில் ஹார்மோனியம் உண்டு, தபேலா உண்டு, ஜால்ரா உண்டு. இளைஞர்கள்தான் இல்லை. பள்ளி முடித்ததும் பாதிப் பேர் கோலாலம்பூருக்கு இறங்கிவிடுகிறார்கள். "மாமா, நான் பேஸ் கித்தார் வாசிக்கலாமா?" என்று ஹார்மோனியம் வாசிக்கும் மாமாவிடம் கேட்டேன். "கொண்டா, பாப்போம்" என்றார்.

பழைய பேஸ் ஒன்றை 200 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். கறுப்பு வண்ணம் உரிந்து, ஓரமெல்லாம் அடிபட்டிருந்தது. சரஸ்வதி பூசைக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் தேயிலைப் பச்சை வண்ணம் அடித்து அம்பாள் முன் வைக்க ஆசைப்பட்டேன். அந்த அவசரத்தில் கற்றதுதான் இந்தப் பாடம்.

1. கழற்றுதல்

தந்திகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். கழுத்தைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளையும் எடுங்கள். உள்ளே இருக்கும் மின்கம்பிகளை முதலில் கைப்பேசியில் படம் பிடியுங்கள். எந்தத் திருகாணி எங்கே இருந்தது என்று தனித்தனிப் பையில் எழுதி வையுங்கள்.

2. தேய்த்தல்

மலிவான கித்தார்களில் பழைய பூச்சு கெட்டியாக இருக்கும். மரம் தெரியும்வரை உரிக்க வேண்டியதில்லை. 240, பிறகு 320 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும், புதுப் பூச்சு பிடித்துக்கொள்ளும். பள்ளங்களை மரப் புட்டியால் அடைத்துக் காய்ந்ததும் சமப்படுத்துங்கள். வெளியில் உட்கார்ந்து, முகக்கவசம் போட்டுத் தேயுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

3. பூசுதல்: நான் செய்த தவறு

முதலில் பிரைமர், பிறகு வண்ணம், கடைசியில் நிறமில்லாத கிளியர். ஸ்ப்ரே டின்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெல்லிய பூச்சாகப் பல முறை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழிந்துவிடும். சாமி விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. அந்த ஆவி தீப்பிடிக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வேலை முடிந்து வந்து, மாலை ஐந்து மணிக்கு லயத்து வீட்டுப் பின்புறம் நின்று அடித்தேன். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தி நேரத்தில் பனி இறங்குவது நமக்குத் தெரியாததா? அரை மணி நேரத்தில் என் பச்சை, பால் ஊற்றியதுபோல் வெளுத்துப் போனது.

காரணம் இதுதான். பூச்சில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. நம் மலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு, காலை பத்து மணிக்கு மேல் மதியத்துக்குள் அடிப்பதே நல்லது. மழை நாளில் டின்னைத் தொடவே வேண்டாம்.

அப்பா எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் தேச்சிட்டு மறுபடி அடி. அவசரப்பட்டா அப்படித்தான்" என்றார். தேய்த்தேன். மறுபடி பிரைமர் அடிப்பதற்குள் நாள் ஓடிவிட்டது. பூசையன்று என் பேஸ் சாம்பல் நிறத்தில்தான் அம்பாள் முன் இருந்தது. வெட்கமாக இருந்தது.

4. சுருதி சேர்த்தல்

பூசை முடிந்து வாசித்தேன். மாமா கையை உயர்த்தி நிறுத்தினார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தம்பி, கீழே சேருது. மேலே போகப் போகச் சுருதி விலகுது" என்றார்.

பேஸின் நான்கு தந்திகளும் ஹார்மோனியக் கணக்கில் மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து கட்டை. திறந்த தந்தியை நான் சரியாகத்தான் சேர்த்திருந்தேன். ஆனால் மெட்டில் அழுத்தும்போதும் சேர வேண்டுமே!

மாமா வீணையைச் சொல்லி விளக்கினார். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிந்திருக்கும். சுருதி விலகினால் மெழுகை இளக்கி, காதால் கேட்டு மெட்டை நகர்த்தி வைப்பார்கள். கித்தாரில் மெட்டு நகராது. அதற்குப் பதில், தந்தியின் அடிப்பக்கம் சேடில் என்கிற சிறு தாங்கி நகரும்.

சோதனை எளிது. 12-ஆம் மெட்டுக் கம்பிக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டுங்கள். மணிபோல் ஓர் ஒலி வரும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியை நீளமாக்குங்கள். தாழ்ந்திருந்தால் கழுத்துப் பக்கம் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறையும் திறந்த தந்தியை மறுபடி சேர்த்துவிட்டுக் கேளுங்கள்.

கோயில் வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இதைச் செய்தோம். செலவு ஒரு காசு இல்லை. அடுத்த பாட்டில் மாமா கையை உயர்த்தவில்லை. தலையை ஆட்டினார்.

5. பொறுத்திருத்தல்

பச்சை வண்ணம் அடுத்த மாதம், நல்ல வெயில் நாளில் அடித்தேன். தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நம் குளிரில் மூன்று நான்கு வாரம் விடுங்கள். பிறகு 1000, 1500, 2000 எண் தாள்களை நீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போடுங்கள்.

சிந்திக்க

மின்சார பேஸில் எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிர்வதால்தான் ஒலி பிறக்கிறது. வண்ணத்துக்கு அதில் பங்கு இல்லை என்றே சொல்லலாம். வண்ணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் கருவியை நாமே அழகு செய்வதும் ஒரு வழிபாடுதான். ஆனால் நான் பத்து நாளும் பார்ப்பவர்களுக்காக உழைத்தேன், கேட்பவர்களுக்காக ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. நம் படிப்பிலும் பக்தியிலும் இப்படி நடப்பதுண்டா? உங்கள் வார வகுப்பில் பேசிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ கோயிலிலோ மூலையில் கிடக்கும் ஒரு கருவியை எடுங்கள். துடையுங்கள். முதலில் சுருதி சேருங்கள். சேர்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் போங்கள். அவரும் நம்மைப் போன்ற ஒருவர் வந்து கேட்கமாட்டாரா என்று காத்திருப்பார்.