எங்கள் தோழியின் திருச்சபை



முதல் வெள்ளிதோறும் நமது பள்ளிச் சிற்றாலயத்தில் திருப்பலி நடைபெறுவதை அனைவரும் அறிவீர்கள். நற்கருணை வாங்க நாங்கள் வரிசையில் செல்லும்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மட்டும் கடைசிப் பெஞ்சில் முழங்காலில் இருப்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். அவள் சி.எஸ்.ஐ. இவ்வாண்டு ஜூலையில் ஒருநாள், "நானும் ஞானஸ்நானம் வாங்கினவதானே, நான் மட்டும் ஏன் வரக்கூடாது?" என்று கேட்டுவிட்டாள். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. சிஸ்டரிடம் ஓடினோம். "முதலில் அவளுடைய சபையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். எழுதினோம். மூன்றே வரி வந்தது. அதிலும் ஒன்று தவறு: அச்சபை இலண்டனில் தோன்றியது என்று எழுதியிருந்தோம்!

அது தோன்றியது நம் சென்னையில். நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று, புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கன் சபை, மெத்தடிஸ்ட் சபை, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை ஒன்றாக இணைந்தன. ஐக்கிய சபை என்பதும் 1908-இல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையார் சேர்ந்து அமைத்ததே. மேல்நாட்டில் என்றோ நடந்த பிணக்குகளுக்காக நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ஏன் பிரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்களிடையே எழுந்தது. அதில் முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர்.

1919-இல் தொடங்கிய பேச்சு 1947 வரை நீள்வானேன் என்று வியந்தோம். காரணம் பேராயர் பதவிதான். ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்தால்தான் ஒருவர் குரு. காங்கிரிகேஷனல் சபையிலோ பேராயரே கிடையாது. ஒவ்வொரு சபையும் தானே தீர்மானிக்கும். ஒரு சாரார் பேராயரை ஏற்க வேண்டும். மறுசாரார் பேராயரிடம் அபிஷேகம் பெறாத போதகர்களையும் குருக்களாக ஏற்க வேண்டும். இறுதியில் இருசாராரும் விட்டுக்கொடுத்தனர். இனிமேல் அபிஷேகம் பேராயர்கள் கையால்தான். ஆனால் ஏற்கெனவே பணியாற்றுவோர் மறுபடி அபிஷேகம் பெற வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சு! அசரியா அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை, 1945-இல் காலமானார்.

இனி விசுவாசம். மூவொரு கடவுள், இயேசுவின் சிலுவை மரணம், உயிர்ப்பு, மறுவருகை எல்லாம் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றே. விசுவாசப் பிரமாணமும் அதுவே. கத்தோலிக்க என்று நாம் சொல்லுமிடத்தில் அவர்கள் பொதுவான என்று சொல்கிறார்கள். சொல்லின் பொருளும் அதுதான். வேறுபாடுகளும் உண்டு. நமக்குத் திருவருட்சாதனங்கள் ஏழு. அவர்கள் ஞானஸ்நானம், திருவிருந்து என்ற இரண்டையே அப்படி ஏற்கிறார்கள். திருத்தந்தையின் தலைமை இல்லை. மாதாவை மதிக்கிறார்கள், ஆனால் செபமாலை சொல்வதில்லை. புனிதர் பெயரைக் கோவிலுக்கு வைப்பார்கள். புனிதரை நோக்கி மன்றாடமாட்டார்கள். அவர்கள் வேதாகமத்தில் 66 புத்தகங்கள். நம்முடையதில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவை சேர்ந்து 73.

பெயர்களில்தான் எங்களுக்கு வேடிக்கை. எங்கள் பாட்டிமார் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்பார்கள். அவள் பாட்டியோ பேதுரு, பவுல், யோவான் என்பார். வேறு வேறு ஆட்கள் என்று சிறுவயதில் நினைத்திருந்தோம். இரு சபையாரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. அதை வாசிக்கும் நாங்களும் பேதுரு, பவுல் என்றுதான் சொல்கிறோம்.

அவர்கள் குருக்கள் மணம் செய்துகொள்ளலாம். நெல்லைப் பக்கம் குருவை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைப்பார்கள். பல ஊர்கள் சேர்ந்தது சேகரம், சேகரங்கள் சேர்ந்தது திருமண்டலம். அரிசி களையுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்து, சேர்ந்ததும் கோவிலுக்குக் கொடுக்கும் வழக்கம் அவள் பாட்டியிடம் இன்றும் உண்டு. 1976 முதல் பெண்களும் குருக்களாகிறார்கள். 2013-இல் நந்தியால் திருமண்டலத்திற்கு ஒரு பெண்மணியே பேராயரானார். இதை வாசித்ததும் வகுப்பில் ஒரே சலசலப்பு. சிஸ்டர் சிரித்துவிட்டு, "மேலே வாசியுங்கள்" என்றார்.

எல்லாம் எழுதி முடித்த பின்னரே சிஸ்டர் பதில் சொன்னார். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, முறைப்படி ஞானஸ்நானம் பெற்ற பிற சபையாரை நம் சகோதரர் என்றே கூறுகிறதாம். தோழியின் ஞானஸ்நானம் மெய்யானது. மறுபடி கொடுக்கவே கூடாது. ஆயினும் ஒன்றாக நற்கருணை வாங்குவது முழு ஒற்றுமையின் அடையாளம். அந்த ஒற்றுமை இன்னும் நிறைவேறவில்லை என்றார். எங்களுக்கு விளங்கியது. தோழியிடம் போய்ச் சொல்வதுதான் கடினமாயிருந்தது. அவள் கேட்டுவிட்டு, "அப்ப எங்க கோவிலுக்கு வாங்க. எனக்குத் திடப்படுத்தல் வருது" என்றாள்.

நாம் உறுதிபூசுதல் என்பதையே அவர்கள் திடப்படுத்தல் என்கிறார்கள். நாங்கள் மூன்றாம் வகுப்பிலேயே புதுநன்மை வாங்கிவிட்டோம். அவளோ திடப்படுத்தல் பெற்ற பிறகே திருவிருந்தில் பங்குபெற முடியும் என்று பதினைந்து வயது வரை காத்திருந்தாள். வெள்ளைச் சேலையும் முக்காடுமாக முழந்தாளிட்டவளின் தலையில் பேராயர் கைவைத்து ஜெபித்தார். பிறகு சமாதானம் கூறும் நேரம். நாம் கைகூப்புகிறோம், அங்கே ஒருவர் கூப்பிய கைகளை மற்றவர் தம் கைகளுக்குள் வாங்குகிறார்கள். எங்கள் கைகளையும் ஒரு வயதான அம்மா அப்படிப் பிடித்துக்கொண்டார்கள்.

பிற சபைகளில் திருவிருந்து எடுப்பவர்களும் வரலாம் என்று ஐயர் அழைத்தார். அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்தார்கள். நாங்கள் ஐவரும் கடைசிப் பெஞ்சில் முழங்காலில் இருந்தோம். திரும்பி வருகையில் அவள் எங்களைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் அவள் தாத்தா ஊரில் அசனம். கோவில் விழாவில் ஊருக்கே நடக்கும் சாப்பாடு அது. பெரிய அண்டாக்களில் ஆண்களே சமைக்கிறார்கள். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். யார் என்ன சபை, என்ன மதம் என்று கேட்பதில்லை; வந்தவர் எல்லாரும் ஒரே பந்தி. இலை போட்டதும் நாங்கள் வழக்கம்போலச் சிலுவை அடையாளம் வரைந்து செபிக்கத் தொடங்கினோம். அவள் வீட்டில் அப்படி வரைவதில்லை. சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, நாங்கள் முடிக்கும் வரை தலைகுனிந்து காத்திருந்தாள். அவள் அம்மா அதற்குள் எங்கள் இலையில் இரண்டாம் கரண்டிக் குழம்பையும் ஊற்றிவிட்டார்கள்.