ஒரு ஸ்கேனர், பல கணினிகள்: கடைக்குள் பகிர்ந்துகொள்வது எப்படி?

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நகரங்களில் ஓரளவு பெரிய வியாபாரம் செய்வோரிடம் இன்று இரண்டு மூன்று கணினிகள் இருக்கின்றன. காசாளர் மேசையில் ஒன்று, கணக்கு எழுதுபவரிடம் ஒன்று, களஞ்சியத்தில் ஒன்று. ஆனால் ஸ்கேனர் ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் பிரின்டருடன் சேர்ந்து வந்த 'ஓல் இன் வன்' இயந்திரமாக இருக்கும். களஞ்சியத்தில் இருப்பவர் ஒரு பற்றுச்சீட்டை ஸ்கேன் செய்ய வேண்டுமானால் காசாளரை எழுப்பிவிட்டு அவரது கணினியில் அமர வேண்டும். அதுவரை வாடிக்கையாளர் காத்து நிற்க வேண்டும்.

பிரின்டரைப் பொதுவாக்கியது போல் ஸ்கேனரையும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக்க முடியாதா என்று வர்த்தகர்கள் கேட்பதுண்டு. முடியும். ஆனால் அதற்குரிய வழி வேறு.

பிரின்டர் வேறு, ஸ்கேனர் வேறு

பிரின்டரைப் பொறுத்தவரை வேலை ஒரு பக்கமாகவே ஓடுகிறது. கணினி அனுப்புகிறது, பிரின்டர் அச்சிடுகிறது. நான்கு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினாலும் அவை வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வெளிவரும். விண்டோஸில் பிரின்டரைப் பகிரும் வசதி நெடுங்காலமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஸ்கேனர் அப்படியல்ல. கணினியில் உள்ள மென்பொருள் இயந்திரத்துடன் இரு பக்கமும் பேச வேண்டும். முன்பார்வை எடுப்பது, அளவைத் தெரிவு செய்வது, அடுத்த பக்கத்தைக் கேட்பது எல்லாம் அப்பேச்சுக்குள் அடங்கும். இதற்கென 1992இல் வெளிவந்த 'ட்வெய்ன்' என்ற பொதுமுறையும் பின்னர் மைக்ரோசொப்ட் கொண்டுவந்த 'வியா' முறையும், ஸ்கேனர் எந்தக் கணினியில் இணைக்கப்பட்டதோ அந்தக் கணினியை மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை. எனவே யுஎஸ்பி வயரில் இணைத்த 'ஓல் இன் வன்' இயந்திரத்தைப் பகிர்ந்தால் பகிரப்படுவது அச்சிடும் பகுதி மட்டுமே.

வங்கிகள் கண்ட வழி

இதையொத்த சிக்கலை நமது நாட்டு வங்கிகள் எப்படித் தீர்த்தன என்று பார்ப்பது பயன் தரும். முன்னர் காசோலைக் கடதாசி வங்கிக்கு வங்கி கைமாறித்தான் தீர்வாக வேண்டியிருந்தது. வெளியூர்க் காசோலை பணமாக நாட்கள் பல சென்றன. 2006 மே மாதம் லங்காகிளியர் நிறுவனம் காசோலையின் பிம்பத்தை வைத்தே தீர்வு செய்யும் முறையைத் தொடங்கியது. தெற்காசியாவில் இதை முதலில் செய்த நாடு இலங்கையாகும். அன்று முதல் கடதாசி வைப்பிலிட்ட வங்கியோடு நின்றுவிட, பிம்பம் மட்டும் பயணம் செய்கிறது.

கடைக்கும் இதுவே பாடம். எல்லோருக்கும் தேவைப்படுவது ஸ்கேனர் அல்ல, அது எடுத்த பிம்பம். பிம்பத்தைப் பொதுவாக்கினால் வேலை முடிந்தது.

முதல் வழி: செலவில்லாதது

1. ஸ்கேனர் இணைக்கப்பட்ட கணினியில் 'ஸ்கேன்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள்.

2. அதன் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'ஷெயாரிங்' என்பதைத் தெரிவு செய்து, யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று பெயர் குறித்து அனுமதி கொடுங்கள். 'எல்லோருக்கும்' என்று திறந்துவிடாதீர்கள்.

3. ஸ்கேன் மென்பொருளின் அமைப்பில், எடுக்கும் படங்கள் நேரே இந்த ஃபோல்டருக்குள் விழும்படி செய்யுங்கள்.

4. அந்தக் கணினி தானாக உறங்கிவிடாதபடி மின்சார அமைப்பை மாற்றுங்கள். அது உறங்கினால் மற்றவர்களுக்கு ஃபோல்டர் தெரியாது.

இனி களஞ்சியத்தில் இருப்பவர் கடதாசியைக் கொடுத்துவிட்டால் போதும். ஒருவர் ஸ்கேன் செய்வார், எல்லோரும் தத்தம் மேசையிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.

பழைய கணினி ஒன்று சும்மா இருந்தால் அதில் லினக்ஸ் ஏற்றி, 'சேன்' என்ற இலவச மென்பொருள் மூலம் ஸ்கேனரையே வலையமைப்பில் கொடுக்கவும் முடியும். ஆயினும் அதற்கு விடயம் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி: வலையமைப்பு இயந்திரம்

புதிதாக வாங்குவோர் வைஃபை அல்லது லேன் இணைப்புள்ள இயந்திரத்தையே வாங்குவது நல்லது. ரவுட்டருடன் இணைத்தால் ஒவ்வொரு கணினியும் நேரடியாக ஸ்கேன் செய்யலாம். சற்று விலை கூடியவற்றில், இயந்திரத்தின் பொத்தானை அழுத்தியதும் படம் பொது ஃபோல்டருக்கோ மின்னஞ்சலுக்கோ சென்றுவிடும். வாங்கும்போது "நெட்வேர்க்கில் அச்சிடுமா?" என்று மட்டும் கேட்காமல் "நெட்வேர்க்கில் ஸ்கேன் செய்யுமா?" என்றும் கேளுங்கள்.

இவ்வகை இயந்திரங்களில் அடிக்கடி வரும் கோளாறுகள் மூன்று.

முதலாவது, மின்சாரம் போய் வந்த பின் ஸ்கேனரைக் காணவில்லை என்பது. ரவுட்டர் அதற்குப் புதிய முகவரி கொடுத்திருக்கக்கூடும். ரவுட்டரில் அந்த இயந்திரத்துக்கென ஒரு நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை தீரும்.

இரண்டாவது, கணினியைப் புதுப்பித்த பின் பழைய இயந்திரம் ஃபோல்டருக்கு அனுப்ப மறுப்பது. பழைய இயந்திரங்கள் பல 'எஸ்எம்பி 1' என்ற முறையை மட்டுமே அறியும். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் அது சேர்க்கப்படுவதில்லை. அவ்வாண்டு மே மாதம் உலகைக் கலக்கிய 'வன்னாக்ரை' வைரஸ் பரவியது இந்த வழியாகத்தான். ஆகவே அதை மீண்டும் திறந்துவிடுமாறு யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இயந்திரத்தின் உள் மென்பொருளைப் புதுப்பியுங்கள், அல்லது முதல் வழிக்கு மாறுங்கள்.

மூன்றாவது, ஜிமெயிலுக்கு அனுப்ப மறுப்பது. 2022 மே மாத இறுதியில் கூகுள் நிறுவனம் வெறும் கடவுச்சொல்லை ஏற்கும் பழைய முறையை நிறுத்தியது. இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்தி, இயந்திரத்துக்கென தனியாக ஒரு 'அப் பாஸ்வேர்ட்' எடுத்துக் கொடுத்தால் சரியாகும்.

அளவும் பெயரும்

ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐ அளவில் முழு வண்ணத்தில் எடுத்தால் சுருக்காத நிலையில் சுமார் 26 எம்பி வரும். அதையே பிடிஎஃப் ஆகச் சுருக்கினால் மிகச் சிறிதாகிவிடும். சாதாரண பில்களுக்கு 200 டிபிஐ, உறுதிகளுக்கும் முத்திரை உள்ள பத்திரங்களுக்கும் 300 டிபிஐ போதும். வெப்பத்தாளில் அச்சிட்ட பில்களை வந்த அன்றே எடுத்துவிடுங்கள். நமது பகுதி வெயிலில் அவற்றின் எழுத்து விரைவில் மங்கிவிடும்.

பெயரிடும்போது ஆண்டு, மாதம், திகதி, விடயம் என்ற ஒழுங்கில் இடுங்கள். உதாரணமாக '2025-03-14 கொள்வனவு சீமெந்து'. இப்படி இட்டால் கணினி தானாகவே திகதி வரிசையில் அடுக்கித்தரும். கொள்வனவு, காசோலை, உறுதி, வாடிக்கையாளர் அடையாள அட்டை என்று தனித்தனி ஃபோல்டர்கள் வைத்து, கடைசி இரண்டையும் உரிமையாளர் மட்டும் திறக்கும்படி செய்யுங்கள்.

பிரதி எங்கே இருக்கிறது?

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 2009 வரை இடம்பெயர்ந்து திரிந்த வன்னித் தமிழ் மக்களும் வீட்டை மட்டும் இழக்கவில்லை. உறுதி, வங்கிப் புத்தகம், கணக்கேடு என்று தம்மை நிரூபிக்கும் கடதாசிகளையும் இழந்தார்கள். திரும்பி வந்தபோது சொந்தக் காணியைத் தமது என்று காட்டவே பலர் அலைய வேண்டியிருந்தது. கடதாசிக்கு ஒரே ஒரு பிரதி இருந்தால் என்னவாகும் என்பதை இம்மண்ணில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எனவே பொது ஃபோல்டரின் பிரதி ஒன்றை வாரந்தோறும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கடையிலல்லாது வேறிடத்தில் வையுங்கள். எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். பூட்டி வைத்துக் கப்பம் கேட்கும் வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். இன்னொரு பிரதி இணையச் சேமிப்பில் இருக்கட்டும். கூகுளில் 15 ஜிபி இலவசமாகக் கிடைக்கிறது. வவுனியாவில் கடையும் கிளிநொச்சியில் கிளையும் வைத்திருப்போர் இரு இடத்திலும் ஒரே கோப்புகளைப் பார்க்கவும் இதுவே வழி.

அதேவேளை ஸ்கேன் செய்துவிட்டோமென்று மூலப்பத்திரத்தை அலட்சியம் செய்யக் கூடாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கு அங்கீகாரம் அளிக்கின்ற போதிலும், காணி கைமாற்றம், அற்றோர்னித் தத்துவம், மரண சாசனம், மாற்றுண்டியல் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. அவற்றின் மூலத்தைப் பெட்டியிலும் பிம்பத்தைக் கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.