நாலு சில்லும் இழுக்கும், நிறுத்துவது ரயர்

ஒக்டோபர் பிறந்தால் ரொறன்ரோவில் இதே பேச்சுத்தான். "அண்ணை, என்ரை கார் ஓல் வீல் டிரைவ். பிறகேன் வின்ரர் ரயர்?" அவுடி குவாட்ரோ வைத்திருப்பவரும் கேட்கிறார், பி.எம்.டபிள்யூ எக்ஸ்டிரைவ் வைத்திருப்பவரும் கேட்கிறார், சுபாரு வைத்திருப்பவர் கேட்கவே தேவையில்லை என்று நினைக்கிறார். கோயில் வாகனத் தரிப்பிடத்திலும் கலியாண வீட்டு மேசையிலும் இந்தக் கதை ஓடுகிறது. கார் விற்பவர்களில் சிலரும் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். ரயரும் றிம்மும் மாட்டுவது என் தொழில். ஒவ்வொரு ஆண்டும் ஆளுக்கு ஆள் சொல்லிச் சலித்ததை இங்கே ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

நம்பிக்கை: ஓல் வீல் டிரைவ் இருந்தால் குளிர்கால ரயர் வேண்டாம்

இது பொய். ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

ஓல் வீல் டிரைவ் செய்வது ஒரு வேலைதான். இயந்திரத்தின் விசையை இரண்டு சில்லுக்குப் பதிலாக நாலு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அதனால் பனி மூடிய சந்தியில் வழுக்காமல் புறப்படலாம், ஏற்றத்தில் திணறாமல் ஏறலாம். பிரேக்கை மிதித்த கணத்தில் அதன் உதவி முடிந்தது. முன்சில்லு இழுக்கும் பழைய கொரோலாவுக்கும் நாலு சில்லிலும் பிரேக் இருக்கிறது. உங்கள் அவுடிக்கும் நாலில்தான் இருக்கிறது. நிற்பதற்கு உங்களிடம் கூடுதலாக எதுவும் இல்லை. மாறாக, உங்கள் கார் கொரோலாவைவிடப் பல நூறு கிலோ பாரம் கூடியதாக இருக்கும்.

கணக்காகவே பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். இறுகிய பனியில் ஒரு ரயரின் உராய்வுக் குணகம் 0.3, இன்னொன்றினது 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் பிரேக் பிடித்து சுமார் 33 மீற்றரில் நின்றுவிடும். இரண்டாவதற்கு 49 மீற்றர் தேவை. முதல் கார் நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் மணிக்கு 29 கிலோமீற்றர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் பாதசாரிக் கடவை இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் எத்தனை சில்லு இழுக்கிறது என்ற கேள்வியே வரவில்லை. வேகமும் உராய்வும் மட்டும்தான்.

"ஏபிஎஸ் இருக்கே, ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாடு இருக்கே" என்பார்கள். அவை இருக்கிற பிடிமானத்தை நாலு சில்லுக்கும் பங்கிட்டு, கார் சுழலாமல் பார்த்துக்கொள்ளும். ரயரிடம் இல்லாத பிடிமானத்தை எந்தக் கணினியாலும் உண்டாக்க முடியாது.

ஓல் வீல் டிரைவ் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். பின்சில்லு இழுக்கும் காரில் புறப்படும்போதே சில்லு சுற்றி, வீதி வழுக்குகிறது என்று ஓட்டுநருக்கு உணர்த்திவிடும். அவர் பயந்து மெதுவாகப் போவார். ஓல் வீல் டிரைவ் காரில் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. வீதி நன்றாயிருப்பதாக நம்பி வேகமெடுத்தவருக்கு உண்மை தெரிவது அடுத்த வளைவில், அல்லது முன்னால் போனவர் சட்டென்று பிரேக் பிடிக்கும்போது.

இனி ரப்பருக்கு வருவோம். ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் கோடைகால ரயரோடுதான் வருகின்றன. அந்த ரப்பர் சூட்டில் ஒட்டுவதற்காகக் கலக்கப்பட்டது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால், குளிரில் உறையும் தேங்காயெண்ணெய் மாதிரி அது இறுகத் தொடங்கும். பனியே இல்லாத காய்ந்த வீதியிலும் பிடிமானம் குறையும். மிச்செலின் நிறுவனம் தன் பைலட் ஸ்போர்ட் வகைக் கோடைகால ரயர்களை மறை 7 பாகைக்குக் கீழே ஓட்டினால் ரப்பர் வெடிப்பு விடலாம் என்றே எச்சரிக்கிறது. ரொறன்ரோவின் ஜனவரி இரவுகளில் மறை 7 சர்வசாதாரணம். குளிர்கால ரயரின் ரப்பரில் சிலிக்கா கூடுதலாக இருக்கும். கடுங்குளிரிலும் அது நெகிழ்ந்தே இருக்கும். அதன் மேற்பரப்பெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வுகின்றன. இந்த வேலையை எந்தக் கியர்ப்பெட்டியும் செய்து தராது.

நம்பிக்கை: ரயரில் எம்+எஸ் என்று இருக்கிறது, அது போதும்

போதாது. சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் அந்த எழுத்துகள் ரயரின் பள்ளங்களுடைய வடிவத்தைப் பற்றியவை. அவற்றைப் பொறிப்பதற்குப் பனியில் எந்தச் சோதனையும் தேவையில்லை. நீங்கள் தேட வேண்டியது மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் இருக்கும் சின்னம். வட அமெரிக்காவில் 1999 இல் வந்த இச்சின்னத்தைப் பெற, இறுகிய பனியில் ஓர் ஒப்பீட்டு ரயரைவிடக் குறைந்தது 10 வீதம் கூடுதலான இழுவையைக் காட்ட வேண்டும். சோதிப்பது இழுவையைத்தான், பிரேக்கை அல்ல. ஆகவே சின்னம் இருப்பது தொடக்கத் தகுதி மட்டுமே.

கியூபெக் 2014 டிசம்பர் முதல் இந்தச் சின்னமுள்ள ரயரையோ ஆணி பதித்த ரயரையோதான் குளிர்கால ரயராக ஏற்கிறது. ஜெர்மனியில் 2024 ஒக்டோபர் 1 உடன், சின்னமில்லாத எம்+எஸ் ரயரின் காலம் முடிந்துவிட்டது.

நம்பிக்கை: அகல ரயர்தான் பனியிலும் பிடிக்கும்

காய்ந்த வீதிப் பழக்கத்தில் வரும் எண்ணம். உருகிக் குழம்பிய பனியில் அகல ரயர் மிதக்கும். ஒடுக்கமானது வெட்டிக்கொண்டு தரையைத் தொடும். தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளுக்குள் ஒடுக்கமானதைத் தெரிவு செய்யுங்கள்.

நம்பிக்கை: இழுக்கும் சில்லு இரண்டுக்கும் போட்டால் காணும்

ஒருபோதும் வேண்டாம். முன்னால் மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் சுழன்று முன்னுக்கு வரும். பின்னால் மட்டும் போட்டால் கார் திரும்பாமல் நேரே போகும். நாலும் ஒரே வகை, ஒரே அளவுத் தேய்மானம்.

நம்பிக்கை: போன வருசத்து ரயரில் இன்னும் பூ இருக்கிறது

அளந்து பாருங்கள். 4 மில்லிமீற்றருக்குத் தேய்ந்த ரயரைப் பனி வீதியில் பாவிக்க வேண்டாம் என்கிறது கனடாப் போக்குவரத்துத் துறை. பழைய ரயர் வாங்குவதென்றால் பக்கச்சுவரில் உள்ள கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள். 3521 என்றிருந்தால் 2021 இன் 35 ஆவது வாரத்தில் செய்தது. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயது போன ரப்பர் இறுகிப்போகும்.

நம்பிக்கை: கோடையில் போட்ட பெரிய றிம்தான் குளிர்காலத்துக்கும் அழகு

இந்த அழகுக்கு நீங்கள் இரண்டு முறை காசு கொடுப்பீர்கள். உறைந்தும் உருகியும் வெடித்த வீதிக் குழியில் ஒரு முறை, றிம்மின் பூச்சை உப்பு அரிக்கும்போது இன்னொரு முறை. 2019 மாடல் முதல் வரும் பி.எம்.டபிள்யூ 3 வரிசையை எடுத்துக்கொள்வோம். 19 அங்குலத்தில் முன்னே 225/40, பின்னே 255/35. குளிர்காலத்துக்கு நாலுக்கும் 225/45 ஆர்18 போட்டால் முழு விட்டம் 660 மில்லிமீற்றர். பழையதிலிருந்து மூன்று மில்லிமீற்றருக்குள்தான் வித்தியாசம். பக்கச்சுவரோ 90 இலிருந்து 101 மில்லிமீற்றர் ஆகிறது. குழியில் விழும்போது றிம்மைக் காப்பது அந்த ரப்பர்தான். நாலும் ஒரே அளவு என்பதால் முன்பின் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய்க்கலாம்.

ஆனால் கண்ட றிம்மை வாங்கிவிடாதீர்கள். இந்தத் தலைமுறைக் காருக்கு ஆணித்துளை வட்டம் 112 மில்லிமீற்றர், நடுத்துளை 66.6. அதற்கு முந்திய தலைமுறைக்கு 120, 72.6. "பி.எம்.டபிள்யூ றிம்தானே" என்று நண்பரிடம் வாங்கினால் பூட்டவே முடியாது. பெரிய பிரேக் பூட்டிய கார்களில் விட்டம் சரியாக இருந்தாலும் றிம்மின் கம்பிகள் காலிப்பரில் முட்டலாம். ஆகவே முதலில் வெறும் றிம்மைப் பூட்டிக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே ரயரை ஏற்ற வேண்டும். குரோம் பூசிய றிம்மும் பளபளவென்று கடைந்த றிம்மும் வேண்டாம். முழுதாக வர்ணம் பூசிய அலோய் போதும். பூட்டி 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஆணிகளை மறுபடி இறுக்குங்கள். வெப்பநிலை 5, 6 பாகை இறங்கும்போதெல்லாம் காற்றழுத்தமும் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இறங்கும், அதையும் கவனியுங்கள்.

எந்த வகை ரயர்? நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலும் ஓடுபவருக்கு, உப்புப் போட்டுத் துப்புரவாக்கிய வீதியில் திருப்பத்துக்கு உடனே கீழ்ப்படியும் பைலட் அல்பின், சொத்தோசீரோ போன்ற வகை பொருந்தும். ஸ்ரியரிங் உணர்வு கெட்டுவிடும் என்று அஞ்சும் ஸ்போர்ட்ஸ் கார்க்காரருக்கு இதுவே விடை. பனி அகற்றும் இயந்திரம் வந்து சேராத குறுக்குத் தெருவில், பனிக்கட்டியில் விடியப்புறம் வேலைக்குப் போகிறவருக்கு பிளிஸாக், ஹக்கபெலீட்டா ஆர் போன்ற மென்மையான வகைதான் சரி. வேகக் குறியீடு குறைந்திருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். ரி என்றால் 190 கிலோமீற்றர். ஒன்ராறியோவில் எந்த வீதியிலும் 110 க்கு மேல் அனுமதியில்லை. பாரக் குறியீட்டை மட்டும் குறைக்கவே கூடாது.

சட்டமும் காசும்

கியூபெக்கில் 2008 முதல் குளிர்கால ரயர் கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் குளிர்கால ரயருக்குக் கழிவு தரவேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அந்தக் கழிவைக் கேட்பதே இல்லை. கேளுங்கள், அது உங்கள் காசு.

அது மட்டும் காணாது. எழுபதாயிரம் டொலர் கார் வைத்திருப்பவரிடம் சாட்டு எதுவும் இல்லை. ஆனால் பழைய கார் ஒன்றை வைத்து இரண்டு வேலைக்கு ஓடுகிறவருக்கு நாலு ரயரும் றிம்மும் பெரிய செலவு. அவரும் அதே வீதியில்தான் ஓடுகிறார், அவருடைய கார் நிற்காவிட்டால் அடிபடுவது நீங்களாகவும் இருக்கலாம். மனிரோபாவில் பொதுக் காப்புறுதி நிறுவனம் இதற்கென்றே குறைந்த வட்டிக் கடன் கொடுக்கிறது. ஒன்ராறியோவில் பிள்ளைகளின் கார் இருக்கைக்கு மாகாணத்தின் 8 வீத வரி கிடையாது. அந்த இருக்கையைச் சுமக்கும் காரை நிறுத்துகிற ரயருக்கு 13 வீதமும் அறவிடுகிறார்கள். வரியை நீக்கி, கடன் கொடுத்து, பிறகு கியூபெக் போலக் கட்டாயமாக்குங்கள். உங்கள் மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர் தைப்பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டி வரும்போது படம் எடுத்ததோடு விட்டுவிடாமல் இதைக் கேளுங்கள். அதற்கு முதல், நவம்பர் நடுப்பகுதிக்குள் உங்கள் ரயரை மாற்றிவிடுங்கள். முதற்பனி கொட்டிய மறுநாள் எந்தக் கராஜிலும் இடம் கிடைக்காது.