ஓராதூர் கற்பிக்கும் பாடம்

பகைத்திருந்த இரு நாட்டார் மீண்டும் உறவு கொள்ளவேண்டுமாயின், பழைய கொடுமைகளை மறந்துவிடுதலே வழி என்று கூறுவார் பலர். ஆறிவரும் புண்ணைக் கிளறுவானேன் என்று அவர் வினவுவர். மேலோடு நோக்குங்கால் இது நன்மொழியே போலத் தோன்றும். ஆயினும் மறத்தல் வேறு, மன்னித்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர், சீழை உள்ளே வைத்துப் புண்ணின் வாயை மூடும் வைத்தியரை ஒப்பர். பிரான்ஸ் தேசத்து ஓராதூர் என்னும் சிற்றூரின் வரலாற்றைக் கொண்டு இவ்வுண்மையைச் சிறிது ஆராய்வோம்.

லிமோஜ் நகரத்திற்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், கிளான் என்னும் சிற்றாற்றின் அருகே அமைந்தது ஓராதூர். 1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. நான்கு நாள் கழித்து, 10-ஆம் நாளாகிய சனிக்கிழமை பிற்பகலில், 'தாஸ் ரைக்' என்னும் ஜெர்மானிய எஸ்.எஸ். படைப் பிரிவைச் சேர்ந்த ஒரு கூட்டத்தார் ஓராதூரைச் சூழ்ந்தனர். அடையாளச் சீட்டுகளைச் சோதிக்கவேண்டும் என்று கூறி, ஊராரைச் சந்தைத் திடலில் கூட்டினர். ஆடவரைப் பிரித்துக் களஞ்சியங்கள் முதலிய இடங்களில் அடைத்துச் சுட்டு, வைக்கோலிட்டுக் கொளுத்தினர். பெண்டிரையும் குழந்தைகளையும் தேவாலயத்தினுள் அடைத்து, அதற்கும் தீயிட்டனர். தேவாலயத்தினுள் இருந்தோரில் சன்னல் வழியே குதித்து உயிர் பிழைத்தவர் ஒரே ஒரு மாது. இறந்தோர் தொகை 642 என நெடுங்காலம் வழங்கிவந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த அகதிப் பெண்மணி ஒருவரின் பெயர் 2020-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டபின் 643 ஆயிற்று. எழுபத்தாறு ஆண்டு கழிந்தும் ஒரு பெயரைத் தேடிச் சேர்த்தனர் என்பதை நாம் கருதுதல் வேண்டும்.

போர் முடிந்தபின் அவ்விடிபாடுகளின்மேல் புதுவீடு எழுப்பலாகாது என்று அரசாங்கத்தார் தீர்மானித்தனர். அருகே புதிய ஊர் ஒன்று கட்டப்பட்டது. பழைய ஊரில் கூரையற்ற சுவர்களும், துருவேறிய மோட்டார் வண்டிகளும், தையல் இயந்திரங்களும் கிடந்தவாறே பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

இனி, நீதி வழங்கப்பட்ட முறையைக் காண்போம். 1953-ஆம் ஆண்டு போர்தோ நகரத்து இராணுவ நீதிமன்றத்தில் இருபத்தொருவர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். அவருள் ஜெர்மானியர் எழுவர். எஞ்சிய பதினால்வரும் பிரான்ஸின் கீழ்ப்பகுதியாகிய அல்சாஸ் நாட்டினர். அல்சாஸை 1940-இல் ஜெர்மனி கவர்ந்துகொண்டது. 1942 முதல் அந்நாட்டு இளைஞரைக் கட்டாயப்படுத்தித் தன் படையிற் சேர்த்தது. கூண்டில் நின்ற அல்சாஸியருள் தானே விரும்பிச் சேர்ந்தவன் ஒருவன்; ஏனைப் பதின்மூவரும் தாம் வலிந்து இழுக்கப்பட்டவர் என்றனர். நீதிமன்றம் அவருக்கும் தண்டனை விதித்தபொழுது அல்சாஸ் முழுவதும் கொதித்தெழுந்தது. நாட்டின் ஒற்றுமை குலையுமோ என்று அஞ்சிய சட்டசபையார் சில நாட்களுக்குள்ளே பொதுமன்னிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிப் பதின்மூவரையும் விடுவித்தனர்.

அச்சட்டத்தை இயற்றியோர் தீய எண்ணமுடையவர் அல்லர். அந்நிய ஆட்சியில் அல்லலுற்ற அல்சாஸின் துயரும் பொய்யன்று. ஆயினும் விளைந்தது யாது? ஓராதூர் மக்கள் தமக்கு அளிக்கப்பட்ட விருதுகளைத் திருப்பி அனுப்பினர். இறந்தோர் நினைவு நாளில் அரசாங்கப் பிரதிநிதிகளை ஏற்க மறுத்தனர். மன்னிப்புக்கு வாக்களித்த உறுப்பினர்களின் பெயர்களை ஊர் வாயிலில் பலகையில் எழுதி நிறுத்தினர். இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். பிரான்ஸும் ஜெர்மனியும் 1963-ஆம் ஆண்டு எலிசே மாளிகையில் நட்புடன்படிக்கை செய்துகொண்டன. ஒரே நாட்டின் பகுதிகளாகிய ஓராதூருக்கும் அல்சாஸுக்கும் இடையிலோ மனக்கசப்பு பின்னும் நெடுங்காலம் நீடித்தது. கேளாமலே பிறர் வழங்கிய மன்னிப்பு, புண்பட்டோரின் உள்ளத்தைத் தொடவில்லை.

குற்றம் செய்தோர் பலர் தண்டனையின்றியே வாழ்ந்தனர் என்பதும் அக்கசப்பை வளர்த்தது. படைப் பிரிவின் தலைவனாகிய லாம்மர்டிங் என்பவனுக்கு, தியூல் நகரத்தில் நிகழ்த்திய கொலைகளுக்காகப் பிரெஞ்சு நீதிமன்றம் அவன் இல்லாமலே மரண தண்டனை விதித்தது. அவனோ பிரான்ஸிடம் ஒப்படைக்கப்படாமல், 1971-இல் தன் நாட்டிலேயே இறந்தான்.

களஞ்சியத்திலிருந்து தப்பிய சிலருள் ரொபேர் எப்ரா என்பவர் ஒருவர். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. தாயையும், உடன்பிறந்த பெண்கள் இருவரையும் அன்று அவர் இழந்தார். பின்னாளில் மாணவர் கூட்டங்களை இடிபாடுகளின் நடுவே அழைத்துச் சென்று, நடந்ததை விளக்குவதையே தம் தொண்டாக மேற்கொண்டார். ஜெர்மானியரோடு நட்பையும் வளர்த்தார். அவருங்கூட அல்சாஸியர் கட்டாயத்தால்தான் சேர்ந்தனரோ என்று தம் நூலில் ஐயுற்று எழுதியதற்காக வழக்கில் சிக்கினார். 2012-இல் மேல்முறையீட்டு மன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. அறுபது ஆண்டுக்கு முன் அவசரமாக மூடிய புண் எவ்வாறு உள்ளே கனன்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாண்டிலேயே, 2013 செப்டம்பர் 4-ஆம் நாள், ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் யோவாகிம் கௌக் ஓராதூர் வந்தார். அந்நாட்டுத் தலைவர் அவ்வூரில் அடிவைத்தது அதுவே முதன்முறை. முன்னாளில் அவர் ஒரு போதகர். பிரெஞ்சுத் தலைவர் ஒலாந்தும் எப்ராவும் உடன்வர, எரிந்த தேவாலயத்துள் மூவரும் நின்றனர். நட்புடன்படிக்கைக்குப்பின் ஐம்பது ஆண்டு கழிந்தே இக்காட்சி நிகழ்ந்தது. எப்ரா 2023-இல் தமது தொண்ணூற்றேழாம் வயதில் காலமானார். எண்பதாம் ஆண்டு நினைவு நாளாகிய 2024 ஜூன் 10-இல் ஜெர்மானியத் தலைவர் ஸ்டைன்மையர் அவ்வூர் வந்து, கொலைகாரர் தண்டிக்கப்படாமற் போனமைக்குத் தாம் நாணுவதாகக் கூறினார்.

இவற்றால் நாம் அறியத்தக்கவை மூன்று. முதலாவது, உண்மை முன்னும் நட்பு பின்னும் வருதலே முறை. நடந்ததை மறையாது உரைத்தாலன்றி உறவு நிலைபெறாது. இரண்டாவது, மன்னிக்கும் உரிமை இழந்தோருக்கே உரியது. அரசாங்கம் தண்டனையை நீக்கலாம், பிறர் பொருட்டு மன்னித்தல் அதற்கு இயலாது. மூன்றாவது, தந்தையர் செய்த கொலைக்கு மைந்தர் குற்றவாளிகள் ஆகார். ஆயினும் அதனை மறுக்காமல் ஏற்று, தலைகுனிந்து வந்து நிற்றல் அவர் கடமையாம்.

நம் வேதாகமத்தில் யோசேப்பின் சரிதையை நினைவுகூர்வோம். தன்னை விற்ற சகோதரரை அவன் கண்டவுடனே தழுவிக்கொள்ளவில்லை. அவர் தம் பழைய குற்றத்தைத் தம்முள் ஒப்புக்கொண்டதைக் கேட்டு மறைவில் அழுதான். தம்பிக்காக யூதா தன்னையே அடிமையாக ஒப்புவிக்க முன்வந்த பின்னரே தன்னை வெளிப்படுத்தினான். வள்ளுவரும் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

மாணவ நண்பர்களே, சரித்திரம் பயிலும் நமக்கு இருவகைச் சோதனை உண்டு. பழங்கொடுமையைச் சொல்லிப் பகையை வளர்ப்பது ஒன்று. பகைக்கு அஞ்சிக் கொடுமையையே சொல்லாது விடுவது மற்றொன்று. ஓராதூரின் இடிபாடுகளை மாணவருக்குக் காட்டிய முதியவர் இவ்விரண்டிலும் வீழ்ந்தாரல்லர். இறந்தோரின் பெயரை ஒன்றும் விடாமல் சொன்னவாறே, பகைவர் மக்களுக்குக் கை நீட்டினார். நாமும் அவ்வாறு கற்போமாக.